சோடியம் குறைந்த உப்பு: சாம்பாருக்குச் சரி, மோருக்கு ம்ஹூம்

அம்மாவுக்குச் சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. அதனால் வீட்டில் சாதா அயோடின் உப்பை நிறுத்திவிட்டு, சோடியம் குறைவு என்று போட்டு விற்கிற உப்புக்கு மாறிக் கொஞ்ச காலம் ஆகிறது. மாறலாமா, எடை குறையுமா, சர்க்கரைக்கு நல்லதா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பிராண்டு பெயர் போடவில்லை. இரண்டு மூன்று கம்பெனி பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி வாங்கினோம், எவ்வளவு சோடியத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர பெரிதாக வித்தியாசம் இல்லை.

சாதா உப்பு என்பது ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடு. இதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைக் கலக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான். சில பாக்கெட்டில் 15 சதவீதம் குறைவு, சிலதில் 30 வரை போகிறது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் உப்பு வாங்குகிற செலவு ஒரு செலவா, அதை விடுங்கள். இந்துப்பு வாங்கினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது, அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறம் மட்டும் வேறு, பல இந்துப்பில் அயோடினும் சேர்ப்பதில்லை.

சுவைக்கு வருவோம். சாம்பார், ரசம், காரக்குழம்பு, புளி விழுகிற எதிலும் வித்தியாசம் தெரியவில்லை, அப்பாவுக்குச் சொல்லாமலே மாற்றினோம், இன்றுவரை அவருக்குத் தெரியாது. பொரியலில் 30 சதவீதம் சோடியம் குறைத்த உப்பு லேசாகக் கசப்பைக் காட்டுகிறது, தேங்காய்த் துருவல் போட்டால் மறைந்துவிடும். தயிர் சாதத்திலும் மோரிலும்தான் மாட்டிக்கொள்கிறது. பச்சையாகப் போட்டுக் கலக்கும்போது பொட்டாசியத்தின் கசப்பும் ஒரு இரும்பு வாடையும் நாக்கின் அடியில் நிற்கிறது. மோருக்கு உப்பைக் குறைத்துவிட்டு இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தட்டிப் போடுவதே மேல். இட்லி மாவுக்குப் போட்டுக் கரைத்தோம், எப்போதும்போலப் பொங்கியது, புளித்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி சொல்லப்போவதைப் படிக்காமல் யாரும் இந்த உப்பை வாங்காதீர்கள். சர்க்கரை நோய் கொஞ்ச வருடம் ஆனவர்களில் நிறைய பேருக்குச் சிறுநீரகம் கொஞ்சமாவது அடிவாங்கியிருக்கும், அது தெரியாமலே இருக்கவும் செய்யும். பிபிக்கும் சிறுநீரகப் பாதுகாப்புக்கும் டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளைத்தான் டாக்டர்கள் அதிகம் எழுதுகிறார்கள். இந்த மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும், ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகமாக. அதன் மேல் உப்பு வழியாகவும் பொட்டாசியம் சேர்ந்து, சிறுநீரகமும் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடம் மாறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த மாதிரி உப்புக்கு மாறலாம் என்று பரிந்துரை வெளியிட்டபோதுகூட, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அதில் சேர்க்கவில்லை. அம்மாவுக்குக் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் ரத்தத்தில் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகே மாற்றினோம். பாக்கெட்டின் பின்னால் இந்த எச்சரிக்கை எறும்பு எழுத்தில் இருக்கிறது, முன்னால் இதயம் படம் மட்டும் பெரிதாக இருக்கிறது. இதற்கே நான் ஒரு ஸ்டார் குறைப்பேன்.

பலன் உண்டா என்றால், உண்டு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் பார்த்தார்கள், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயது தாண்டிய பிபிக்காரர்கள். பாதி கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021-இல் முடிவு வந்தது: அந்த உப்பைச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. ஆனால் கவனியுங்கள், அங்கே வீட்டில் சமைக்கும்போது போடுகிற உப்புதான் பெரும்பங்கு, அதை மாற்றினால் பெரும்பங்கு மாறிவிடும். நம் வீட்டிலும் சமையல் உப்பு நிறையத்தான், ஆனால் தட்டின் ஓரத்தில் ஒரு ராஜாங்கம் தனியாக நடக்கிறது.

ஊறுகாயைச் சொல்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் சமையல் வழியாக ஒரு நாளைக்கு 6 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று வைத்தால், 15 சதவீதம் குறைந்த உப்புக்கு மாறினால் மிச்சமாவது 0.9 கிராம். ஊறுகாயில் பத்தில் ஒரு பங்கு உப்பு இருப்பது சர்வ சாதாரணம், ஒரு மேசைக்கரண்டி வைத்தால் 15 கிராம், அதில் ஒன்றரை கிராம் உப்பு. முடிந்தது கதை. இரண்டு மடங்கு விலை கொடுத்து மிச்சம் பிடித்ததை மாங்காய்த் துண்டு இரண்டு நிமிடத்தில் செலவு பண்ணிவிடும். அப்புறம் மோர் மிளகாய், அப்பளம், வத்தல், கருவாடு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. பாக்கெட் உணவுகளில் சோடியத்தை மில்லிகிராமில் போட்டிருப்பார்கள், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 4000 மில்லிகிராம் சோடியம் என்றால் 10 கிராம் உப்பு.

எடை விஷயத்துக்கும் இந்த ஊறுகாய்தான் வாசல். உப்பில் கலோரி கிடையாது, உப்பு சாப்பிட்டுக் கொழுப்பு சேராது. உப்பைக் குறைத்த முதல் வாரத்தில் எடை மிஷினில் அரை கிலோ, ஒரு கிலோ இறங்கினால் அது தண்ணீர், கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் ஏறுவதும் தண்ணீர். சர்க்கரை மாத்திரைகளில் பயோகிளிட்டசோன் சாப்பிடுபவர்களுக்கு மருந்தே நீரைத் தேக்கிக் கால் வீங்க வைக்கும், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரையும் சோடியமும் சிறுநீரில் போய் எடை இறங்கும். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் உப்பு மாற்றியதால் இளைத்தேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்குப் போன மாதம்தான் மாத்திரை மாறியது. எடையை உப்பு ஏற்றுகிற நிஜமான வழி வேறு. காரமும் உப்பும் நாக்கில் பட்டதும் கை தானாகச் சோற்றுப் பக்கம் போகும். தயிர் சாதம் ஒரு கரண்டியோடு நிற்காமல் மூன்றாவதற்குப் போவது ஆவக்காயால். ஒரு கப் சோறு கிட்டத்தட்ட 200 கலோரி, 45 கிராம் மாவுச்சத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் அது அப்படியே தெரியும். அம்மாவின் தட்டில் ஊறுகாயை நிறுத்திவிட்டு நார்த்தங்காய்ச் சாறு பிழிந்த வெள்ளரிக்காய் வைத்ததில் சோறு தானாகக் குறைந்தது. உப்பு பாக்கெட்டை மாற்றியதைவிட இதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது.

ஊறுகாய் புளிக்க வைத்த உணவாயிற்றே, குடலுக்கு நல்லதாயிற்றே என்று ஒரு வாதம் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உப்பு நீரில் ஊறுகிற மாவடு நிஜமாகவே புளிப்பதுதான். கடையில் பாட்டிலில் வருவதில் பாதிக்குமேல் எண்ணெயும் அசெட்டிக் ஆசிட்டும் (வினிகரில் இருக்கிற புளிப்பு அமிலம்) ஊற்றிப் பாதுகாத்தது, அங்கே எந்த நல்ல கிருமியும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. இட்லி மாவில் கிருமிகள் உண்டு, ஆனால் ஆவியில் வெந்ததும் செத்துப்போகும். லேசாகச் செரிக்கும், சரி, ஆனாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான், ஐந்து இட்லிக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உயிரோடு உள்ளே போவது தயிரும் மோரும் பழைய சோற்று நீராகாரமும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்க்கு ஆராய்ச்சிக்கே எடுத்திருக்கிறார்கள். ஆனால் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கேட்போம்? அதே மோர் மிளகாய். சின்ன வெங்காயத்தோடு நிறுத்தப் பழகலாம், முதலில் கொஞ்சம் வெறுப்பாகத்தான் இருக்கும்.

இந்த உப்பை வைத்து மாவடு போடலாமா என்று கேட்டவர்களுக்கு: பெரியம்மா போட்டார், அதிலும் உப்பு வழக்கத்தைவிடக் குறைத்து. பத்து நாளில் மேலே வெள்ளைப் படலம், வடு கொழகொழ, மொத்த ஜாடியும் குப்பைக்குப் போனது. ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டுமில்லை, கெட்டுப்போகாமல் காவல் காப்பதே அதுதான், குறைத்தால் பண்டம் நிற்காது. மாவடு வேண்டுமென்றால் சாதா உப்பிலேயே போட்டு, ஒரு வடுவைத் தண்ணீரில் அலசி, நாலாக வெட்டி, நாலு பேர் சாப்பிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். சிறுநீரகம் நன்றாக இருந்து, டாக்டரும் சரி என்றால் சமையலுக்கு வாங்கலாம். குறைந்த சோடியம்தானே என்று ஒரு சிட்டிகை கூடப் போடுகிற பழக்கம் வந்துவிடும், கரண்டியை மாற்றாதீர்கள். பாக்கெட் பிரித்தபின் மழை நாளில் சீக்கிரம் கட்டி தட்டுகிறது, அதனால் அரை கிலோவாகக் கிடைத்தால் அதை எடுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் குறைத்த உப்பை யாராவது தயிர் சாதத்தில் போட்டுச் சாப்பிட முடிந்ததென்றால் பிராண்டு பெயரைக் கீழே போடுங்கள், வாங்கிப் பார்க்கிறேன்.