பின்பக்க எஞ்சினைக் கண்டு பின்வாங்காத தருமபுரம் கராச்

விசுவமடுவிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய டாட்டா நானோ வைத்திருக்கிறேன். நாலு வருசமாகிறது. மாரியில் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஏ35 வீதியில் நனைந்தது போதும் என்றுதான் வாங்கினேன். ஓட்டத்தில் குறையில்லை, கை வைக்க ஆள் தேடுவதுதான் பெரும்பாடு. பொனற்றைத் திறந்தால் ஸ்பெயார் ரயரும் பெற்றோல் ஊற்றும் வாயும்தான் கண்ணில் படும். எஞ்சின் பின்சீற்றுக்குப் பின்னால், சாமான் வைக்கும் தட்டுக்குக் கீழே கிடக்கிறது. என்னுடைய மொடலில் பின்கதவும் திறக்காது. சீற்றை மடித்து, மூடியைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும். அதைச் சொன்னதுமே பாதிப்பேர் "வேற இடம் பாருங்கோ" என்றுவிடுவார்கள்.

போன ஆவணியில் கார் உதறத் தொடங்கியது. பஸ்ஸை முந்தப் போனால் இழுவையே இல்லை. முதலில் காட்டிய இடத்தில் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஸ்ரார்ட் பண்ணிக் கேட்டுவிட்டு, எஞ்சின் முடிந்துவிட்டது, மாற்ற ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும் என்றார்கள். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை.

பக்கத்து வீட்டு அண்ணா சொல்லித்தான் தருமபுரத்தில் வீதியோரம் தகரக் கொட்டிலில் இருக்கும் இந்தக் கராச்சுக்குப் போனேன். பெயர்ப்பலகை இல்லை, வாசலில் ஒரு வேப்பமரம். மெக்கானிக் ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். எப்போது உதறுகிறது, குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா ஓடும்போதா என்று கேட்டுக்கேட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார். சிலிண்டருக்கு ஒன்றாகப் பெற்றோலைப் பற்றவைக்கும் இரண்டு பிளக்கையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று சிரட்டை நிறத்தில் உலர்ந்திருந்தது. மற்றது கரி பிடித்து, ஈரமாய், பெற்றோல் மணத்தது.

"பாருங்கோ தங்கச்சி, ஒரு சிலிண்டர் வேலை செய்யேல்லை. நாலு சிலிண்டர் காரில ஒண்டு படுத்தா கால்வாசிதான் போகும், சமாளிச்சு வீட்டை போகலாம். உங்கட காரில இருக்கிறதே ரெண்டு. ஒண்டு படுத்தா பாதி எஞ்சின் போச்சு."

பிறகு காருக்குக் கீழே போய் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். விரலால் அழுத்தியதும் வெடிப்பு வாய் திறந்தது. அதற்குள் செம்மண் இறுகிப் போயிருந்தது. எங்கள் ஒழுங்கையின் கிரவல் புழுதிதான். உதறலில் பாதி பிளக்கால், மீதி இந்த ரப்பரால்.

எல்லாம் மாற்றியபிறகும் நிற்கும்போது மெல்லிய குலுக்கம் இருக்கிறதே என்று கேட்டேன். அதற்கு அவர் தந்த விளக்கத்துக்காகவே இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். இரண்டு கையையும் முஷ்டியாக்கி உலக்கை போலக் காட்டினார். சிலிண்டருக்குள் ஓடும் இரண்டு பிஸ்ரனும் ஒன்றாக ஏறி இறங்கினால் பெற்றோல் எரியும் வெடி சீராக விழும், ஆனால் குலுக்கம் கூட. மாறிமாறி ஏறி இறங்கினால் குலுக்கம் குறையும், வெடி நொண்டும். இரண்டு சிலிண்டரை வரிசையாக வைத்தால் இந்த இடைஞ்சல் இருந்தே தீரும். அதனால்தான் இந்த 624 சிசி எஞ்சினுக்குள் குலுக்கத்தைச் சமப்படுத்தவென்றே ஒரு தண்டு சுற்றுகிறது. சுசுக்கி அல்ரோவிலும் வேகன் ஆரிலும் பெரும்பாலும் மூன்று சிலிண்டர். அங்கே மேலும் கீழுமான இழுப்பு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், ஆனால் எஞ்சினின் இரண்டு முனையும் ஏறுபலகை போல ஆடப் பார்க்கும். பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலில் நாலு சிலிண்டரும் பக்கத்துக்கு இரண்டாய்ப் படுத்துக்கிடப்பதால் ஒன்றின் உதையை எதிரே உள்ளது வாங்கிக்கொள்ளும். "இது நோய் இல்லை தங்கச்சி, இதின்ர சுபாவம்" என்றார். என்ன சத்தத்துக்குப் பயப்படவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று நாலு வருசத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தந்ததில்லை.

கொட்டிலின் மூலையில் ஒரு ஏ40 ஒஸ்ரின் நிற்கிறது. போர் நடந்தபோது இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை வைத்து ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காராம். என் அப்பாவும் அப்படி ஓடியவர். அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐயாவோடு அரைமணித்தியாலம் அதைப்பற்றியே கதைத்தேன்.

குறையும் சொல்லவேண்டும். சாமான் கையிருப்பில் இல்லை. ரப்பர் வவுனியாவிலிருந்து வர இரண்டு நாள் பஸ்ஸில் போய்வந்தேன். எழுத்தில் பில் தரமாட்டார், கேட்டால் கொப்பியில் எழுதியதைக் காட்டுவார். கொம்பியூட்டர் போட்டுப் பார்க்கவேண்டிய ஹைபிரிட் பழுதை அவரே ஏற்பதில்லை, வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

கூலியும் சாமானுமாகப் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். கழற்றிய பிளக்கையும் ரப்பரையும் ஒரு பையில் போட்டுத் தந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு முன்னம் போனால் அன்றே பார்ப்பார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு பூட்டு.