இரண்டு கயிறும் ஓர் இன்வெர்ட்டரும்

என்னிடம் இரண்டு ரோப் இருந்தன. இரண்டும் பாறை ஏறுவதற்கான டைனமிக் வகை, அதாவது விழும்போது இழுபட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளும் கயிறு; 9.8 மில்லிமீட்டர் தடிமன், 60 மீட்டர் நீளம். சிவப்புக் கயிறு 2013இல் வாங்கியது. நான்கு வருடம் கர்நாடகத்தில் ராமநகர், பாதாமி பாறைகளில் போட்டு அடித்தேன். நீலம் 2015இல் தள்ளுபடியில் கிடைத்தது. கவரைக்கூடப் பிரிக்காமல் சேலத்தில் அம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது இரண்டுமே இல்லை. சிவப்பைக் கைவிட ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நீலத்துக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

சிவப்பு பழசானது கண்ணுக்கே தெரிந்தது. ராமநகர் கிரானைட் சொரசொரப்பானது. ஒரு சீசன் முடிவதற்குள் கயிற்றின் மேலுறை பூனை வால் மாதிரி மொசுமொசுவென்று ஆகிவிடும். பாதாமி வேறு ரகம். அங்கே மணற்கல், பொடி மணல் உறைக்குள் புகுந்து உள்ளிருந்தே அறுக்கும். ஊர் திரும்பி பக்கெட்டில் அலசினால் தண்ணீர் செம்மண் குழம்பாகிவிடும். 30 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். வெயிலில் போட்டால் நைலானுக்கு ஆகாது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் 60 மீட்டரையும் வெறுங்கையால் உருவிப் பார்ப்பேன். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலைதான்; கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது வருடம், ஒரு நுனியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விரல் நின்றது. உறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அமுக்கினால் வெந்த முருங்கைக்காய் மாதிரி உள்ளே தளர்ந்திருந்தது. நல்ல கயிற்றை மடித்துப் பிடித்தால் மடிப்பில் ஒரு வட்டக் கண் நிற்கும். இது காகிதம் போலப் படிந்தது. எடையைப் பெரும்பாலும் தாங்குவது உள்நூல்தான். அது அந்த இடத்தில் கெட்டிருந்தது. லீட் ஏறும்போது, அதாவது முதல் ஆளாகக் கயிற்றை இடுப்பில் கட்டிக் கீழிருந்து இழுத்துக்கொண்டு ஏறும்போது, விழுகிற அதிர்ச்சி எல்லாம் திரும்பத் திரும்ப அந்த நுனிப் பக்கத்தில்தான் விழும்.

ஐந்து மீட்டரை வெட்டி எறிந்தேன். வெட்டினால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கயிற்றின் பாதியைக் காட்டும் நடுக் குறி பொய்யாகிவிடும். 60 மீட்டர் என்று மனசில் பதிந்த கயிறு 55 ஆகியிருக்கும். 30 மீட்டர் ரூட்டில் கயிறு மேலே போய்த் திரும்பி வர 60 மீட்டர் வேண்டும்; அதில் ஆளை இறக்கினால் கடைசியில் கயிற்றின் நுனி, கீழே நிற்பவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவி வழியாக ஓடிப் போய்விடும். அன்றிலிருந்து மறு நுனியில் முடிச்சுப் போடாமல் நான் யாரையும் ஏறவிட்டதில்லை.

லேபிளில் 8 விழுதல் என்று போட்டிருந்தது. கூட ஏறும் நண்பன் ஒருவன் ஒவ்வொரு முறை விழும்போதும் 'இன்னும் ஆறு பாக்கி' என்று எண்ணுவான். அது அப்படிப்பட்ட கணக்கே இல்லை. புதுக் கயிற்றில் 80 கிலோ எடையைக் கட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, நாம் பாறையில் சாதாரணமாக விழுவதைவிட மிகக் கடுமையாகப் போட்டு எண்ணுவது. தனியாகவே பயன்படுத்துகிற இந்த மாதிரி ஒற்றைக் கயிறு குறைந்தது ஐந்தைத் தாங்கினால்தான் ஐரோப்பியத் தரச் சான்று. நாலு வருடம் மணலில் புரண்ட கயிற்றைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

கயிறு தயாரிக்கும் மாமுட் நிறுவனத்தின் ஆயுள் அட்டவணைதான் எனக்கு உபயோகமாக இருந்தது. வாராவாரம் ஏறினால் ஒரு வருடம் வரை, மாதத்தில் சில தடவை என்றால் மூன்று, மாதம் ஒருமுறை என்றால் ஐந்து, தொடவே இல்லை என்றால் பத்து. என் கணக்குக்கு மூன்று. நான் நான்கு வரை இழுத்தேன். அது தப்புதான்.

சரி, நீலத்துக்கு வருவோம். 2023இல் ஊருக்குப் போனபோது எடுத்துப் பிரித்தேன். கயிற்றுக்குள்ளே ஓடும் மெல்லிய பட்டையில் தயாரிப்பு வருடம் 2014. நிறம் மங்கவில்லை, கை வைத்தால் வழுவழு, மடித்தால் அழகான வட்டக் கண். நண்பனுக்குப் போன் போட்டேன். "சீல் பிரிக்காத கயிறுடா, பன்னிரண்டாயிரம் ரூபாய். இன்னும் ஒரு வருஷம் இருக்கே, என்ன யோசனை?" என்றான். இருட்டில் சும்மா கிடக்கும் நைலான் மெதுவாகத்தான் மூப்படையும் என்பதும் உண்மை. பையில் போட்டுக்கொள்ளக் குனிந்தபோதுதான் பின்னால் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்த்தேன். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. கயிறு இருந்த கவரின் கீழ் மூலை வெடித்திருந்தது.

"இது எப்பம்மா இங்க வந்துச்சு?"

"நீ 2017ல வந்துட்டுப் போனப்புறம். தண்ணி ஊத்துற பையன் கேனை உன் பை மேலதான் வைப்பான். பாவம், அவனுக்கு வேற இடம் ஏது?"

டிஸ்டில்டு வாட்டரால் ஒன்றும் ஆகாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது கிளம்பும் குமிழிகளோடு வருகிற கந்தக அமிலத் துளிகள்தான் ஆபத்து. நைலானுக்கு அமிலம் எமன். நிறம்கூட மாறாமல் உள்ளே அரித்துவிடும். ஜெர்மன் ஆல்பைன் சங்கத்துக்காகப் பல வருடம் கயிறு அறுந்த விபத்துகளை ஆராய்ந்தவர் பிட் ஷூபர்ட். அவர் திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் இரண்டு: கூரான பாறை விளிம்பு, பேட்டரி அமிலம். வயசாகிவிட்டது என்பதற்காக மட்டும் அறுந்த கயிறு அந்தக் கதைகளில் எனக்குத் தட்டுப்படவே இல்லை.

என் கயிற்றில் அமிலம் பட்டதா? பட்டிருக்காமலும் இருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி, இழுத்து அறுத்துப் பார்ப்பது. அறுத்த துண்டில் நான் ஏறப்போவதில்லை. பக்கத்துத் துண்டும் அப்படியே இருக்கும் என்று யார் சொன்னது? விரலால் உருவிப் பார்க்கிற என் நான்கு வருடப் பழக்கம் இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. பழைய கயிறு விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் இப்போது நான் கயிற்றைப் பார்ப்பதே இல்லை. எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். பைக் பக்கத்தில், கார் டிக்கியில், பாத்ரூம் ஆசிட் பாட்டில் இருக்கும் அலமாரியில் என்று பதில் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். 'ஞாபகம் இல்லை' என்றாலும் அதே பதில்தான்.

புதுக் கயிறு படுக்கையறை பீரோவின் மேல் தட்டில் பருத்திப் பையில் இருக்கிறது. தயாரிப்பு வருடமும் முதலில் ஏறிய தேதியும் எழுதிய அட்டை அதில் தொங்குகிறது.

நீலத்தை யாரும் எடுத்து ஏறிவிடக்கூடாது என்று இரண்டு இரண்டு மீட்டராக நறுக்கினேன். ஆறு மீட்டர் மட்டும் மிச்சம் வைக்கச் சொல்லி அம்மா வாங்கி மொட்டை மாடியில் கொடி கட்டினார். டைனமிக் கயிறு இழுபடும் அல்லவா! ஈரப் போர்வை போட்டதும் தொட்டிலாகத் தொங்கியது. "இதுக்கா பன்னண்டாயிரம் குடுத்த?" என்று அவிழ்த்துவிட்டு, பழைய தேங்காய்நார்க் கயிற்றையே திரும்பக் கட்டிவிட்டார்.