கொரில்லா பார்க்கப் போகிறீர்களா? கம்பூட்ஸா ஷூவா, போஞ்சோவா ஜாக்கெட்டா

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் கொரில்லாக் கூட்டத்தை நெருங்கியதும் வழிகாட்டி கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவார். முதுகுப்பை, கைத்தடி, சாப்பாடு எல்லாம் அங்கேயே போர்ட்டர்களிடம் இறங்கிவிடும். முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கையில் கேமராவும் உடம்பில் உள்ள துணியுமாகத்தான் உள்ளே போக வேண்டும். அதிகபட்சம் 8 பேர், ஒரு மணி நேரம். உகாண்டாவில் 800 டாலர், ருவாண்டாவில் 1,500 டாலர் என்று நாம் கட்டும் அனுமதிக் கட்டணமெல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

அதனால் எந்தப் பொருளை எடுத்து வைத்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். ஏறும்போது முள்ளையும் சேற்றையும் தாங்குமா? பை கையில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு உதவுமா? உகாண்டாவில் பிவிண்டி காட்டின் ருஷாகா பக்கம் ஒரு முறை, ருவாண்டாவின் வல்கேனோஸ் தேசியப் பூங்காவில் ஒரு முறை என்று இரண்டு காட்டுக்கும் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இந்த ஒப்பீடு.

எந்தக் காடு என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், பையே மாறிவிடும். பிவிண்டி சுமார் 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மலை. பாதை என்று ஒன்று பல இடங்களில் இருக்காது. முன்னால் போகிறவர் பட்டாக்கத்தியால் கொடியை வெட்ட வெட்ட, வெட்டிய கொடிகள் மேலேயே கால் வைத்து இறங்குவோம். புழுக்கமும் வியர்வையும் அதிகம். ருவாண்டாப் பக்கம் எரிமலைச் சரிவு. உருளைக்கிழங்கு வயலைத் தாண்டி, கல்சுவரைத் தாண்டி, மூங்கில் காட்டில் நுழையும்போதே 2,400 மீட்டருக்கு மேல் வந்திருப்போம். காலையில் நல்ல குளிர். மூங்கிலைத் தாண்டினால் நம் ஊர்க் காஞ்சொறி போல, பட்டால் சுணைத்து எரியும் செடிகள் இடுப்புயரத்துக்கு நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், பிவிண்டிக்கு வழுக்காத அடிப்பாகமும் மெல்லிய துணியும்; ருவாண்டாவுக்குத் தடித்த பேன்ட்டும் கதகதப்பான ஓர் உள்ளுடுப்பும்.

காலுக்குப் போடுவதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் வழிகாட்டியும் போர்ட்டர்களும் கம்பூட்ஸில், அதாவது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸில், சர்வசாதாரணமாக நடப்பதைப் பார்ப்பீர்கள். சேறு உள்ளே போகாது, சுணைச் செடி படாது, எறும்பு ஏறாது. பல விடுதிகளில் வாடகைக்கும் கிடைக்கிறது. எனக்கும் ஆசை வந்தது. ருவாண்டாவில் வாங்கிப் போட்டும் பார்த்தேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது: கம்பூட்ஸ் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளாது. ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னால் சறுக்கிப்போய் கட்டைவிரல் நகம் ரப்பரில் இடிக்கும். சாக்ஸ் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் குதிகாலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். அதை இழுத்துவிட நிற்க இடம் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்குச் சிறு வயதிலிருந்து அந்தச் சரிவு பழக்கம். நமக்கு இல்லை.

கணுக்கால் வரை மூடும் மலையேற்ற ஷூ நனையும். ஓடையில் ஒரு தரம் கால் விட்டால் அன்று முழுக்க ஈரம்தான். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான், குறிப்பாக பிவிண்டிக்கு. அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், குறைந்தது ஒரு மாதமாவது போட்டு நடந்து பழகிய ஷூவாக இருக்க வேண்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கிப் பெட்டியோடு கொண்டுபோவதைப் போன்ற தப்பு வேறில்லை. சாதாரண ரன்னிங் ஷூ இரண்டு காட்டுக்கும் வேண்டாம்.

ஷூவோடு சேர்ந்த விஷயம் கெய்ட்டர். முழங்காலுக்குக் கீழே சுற்றி மாட்டும் உறை. அது இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீளமான கெட்டி சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டால் போதும். பிவிண்டியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சஃபாரி எறும்புகள் தரையில் கறுப்புப் பட்டையாக ஊர்ந்து போகும். தெரியாமல் அதில் நின்றுவிட்டால் சத்தமில்லாமல் காலில் ஏறி, தொடைக்கு வந்த பிறகு கடிக்கும். பிய்த்தால் உடம்பு மட்டும் கையோடு வரும், தலை தோலிலேயே நிற்கும்.

பேன்ட்டில் மூன்று கட்சி: ஜீன்ஸ், லெக்கிங்ஸ், ட்ரெக்கிங் பேன்ட். ஜீன்ஸ் முள்ளைத் தாங்கும். ஆனால் ஒரு மழை போதும், ஈரக் கோணியைக் கட்டிக்கொண்டு நடப்பது போல ஆகிவிடும், காயவும் காயாது. லெக்கிங்ஸில் காலை நன்றாக நீட்டி மடக்கலாம். ஆனால் சுணை அப்படியே துணிக்குள் இறங்கும். ட்ரெக்கிங் பேன்ட் அரை மணியில் காயும், ஆனால் மெல்லியதாக இருந்தால் ருவாண்டாவில் அதிலும் சுணை குத்தும். நான் கண்ட வழி, உள்ளே லெக்கிங்ஸ், மேலே தொளதொளவென்ற ட்ரெக்கிங் பேன்ட். இரண்டு துணிக்கும் நடுவில் இருக்கும் காற்று இடைவெளியைத் தாண்டிச் சுணை வரவில்லை. பிவிண்டியில் இந்த இரட்டை அடுக்கு வேகும். அங்கே பேன்ட் மட்டும் போதும். மேலுக்கு முழுக்கைச் சட்டை. பருத்தி பனியனைவிடச் சீக்கிரம் காயும் செயற்கை இழைதான் சரி. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணி மட்டும் பெட்டியிலேயே இருக்கக் கூடாது. உகாண்டாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

கையுறையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ருஷாகாவில் ஒரு சரிவில் கால் வழுக்கியபோது கைக்கு அகப்பட்ட தண்டைப் பிடித்தேன். தண்டு முழுக்க முள். பிடியை விட்டால் கீழே போவேன், விடாவிட்டால் முள் இறங்கும். அன்று கையைக் காப்பாற்றியது, ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்காரர்கள் வாங்குவார்களே, உள்ளங்கையில் ரப்பர் பூசிய பின்னல் கையுறை, அதுதான். என்னோடு வந்த ஒருவர் விலை உயர்ந்த தோல் கையுறை வைத்திருந்தார். அது நனைந்ததும் ஊறிக் கனத்தது, கேமரா பொத்தானை அழுத்த ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருந்தது. இந்தப் போட்டியில் மலிவான கையுறைக்கே வெற்றி.

மழைக்கு போஞ்சோ, அதாவது தலைவழியே மாட்டும் தொளதொள மழைப்போர்வை, பார்க்க வசதி. பையையும் சேர்த்து மூடும். நடந்து பார்த்தால் பத்தடிக்கு ஒரு முள் அதைப் பிடித்து இழுக்கும். இடுப்பு வரையிலான மழை ஜாக்கெட்டே மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களிலும் இது பையில் இருக்கட்டும், மழைக்காடு நாள்காட்டி பார்ப்பதில்லை. ஜிப் போட்ட பெரிய பாக்கெட்டுகள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பையை இறக்கிய பிறகு மாற்று பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி, இன்னொரு முகக்கவசம் எல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். மூச்சு வாங்க ஏறி வந்ததில் முதல் கவசம் வியர்வையில் ஊறியிருக்கும். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். நம் சளியும் காய்ச்சலும் கொரில்லாவுக்கும் தொற்றும். 2018 கணக்கெடுப்பின்படி உலகத்தில் மொத்தமே 1,063 மலைக் கொரில்லாக்கள்தான். ஜலதோஷம் இருந்தால் அன்று காலை வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி.

போனா, கேமராவா? வெயில் விழும் திறந்தவெளியில் கூட்டம் உட்கார்ந்திருந்தால் போனே போதும். ஆனால் பெரும்பாலும் இலை மறைவில், அரையிருட்டில், கரிய உடம்பு. ஃபிளாஷ் போடக் கூடாது. விலகி நிற்க வேண்டிய தூரமும் முன்பு இருந்த 7 மீட்டரிலிருந்து 10 மீட்டராகிவிட்டது. போன் அந்தக் கறுப்பைத் தானாக வெளுக்கவைத்துச் சாம்பல் பொம்மையாக்கிவிடும். கேமரா உள்ளவர்கள் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி குறைத்து வையுங்கள், ரோமம் ரோமமாகவே வரும். இரண்டாவது லென்ஸ் வேண்டாம், மாற்ற நேரமும் இடமும் இருக்காது.

கடைசியாக, பையை யார் சுமப்பது? நான் திடமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி போர்ட்டர் வைக்காமல் போகிறவர்கள் உண்டு. வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 டாலர், அதற்கு மேல் உங்கள் விருப்பம்போல. காட்டை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு அது நேரடி வருமானம். சரிவில் பின்னாலிருந்து தள்ளி, முன்னாலிருந்து கை கொடுத்து ஏற்றிவிடுவதும் அவர்கள்தான். விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்குச் செலவழிப்பதற்குப் பதில் இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. பை சிறியதாகவே இருக்கட்டும்: 2 லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, மழை உறை. துணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ருவாண்டாவுக்குப் போகும்போது அதை விட்டுவிடுங்கள். 2008 முதல் அங்கே பாலிதீன் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். தண்ணீர் புகாத துணிப்பை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் ஆகும்.

அடுத்தடுத்து இரண்டு நாள் காட்டுக்குள் போகிறவர்கள் பழைய செய்தித்தாளும் கொஞ்சம் கொண்டுபோங்கள். இரவில் ஷூவுக்குள் கசக்கித் திணித்து, நடு இரவில் ஒரு முறை மாற்றி வைத்தால், காலையில் ஈரம் இருக்கும், ஆனால் காலை உள்ளே விடலாம்.