பின்னால் உருளும் ஜீப்புக்கு எந்த பிரேக்: பெட்டியா, நிரந்தரப் பொருத்தலா?

வீடுபோல் வசதிகொண்ட மோட்டார்ஹோம் வண்டியின் பின்னால் ஜீப் ராங்ளரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறவர்களுக்கு, அந்த ஜீப்புக்குத் தனி பிரேக் அவசியமா என்ற சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் மோட்டார்ஹோமின் பிரேக் அதன் எடையை நிறுத்தவே கணக்கிடப்பட்டது, பின்னால் வரும் 1,800 கிலோவையும் சேர்த்தல்ல. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டமும் இதைக் கேட்கிறது. எடை வரம்புதான் ஊருக்கு ஊர் மாறும்.

நாங்கள் கடைசியில் எடைபோட்டது இரண்டை. ஒன்று, ப்ளூ ஆக்ஸ் பேட்ரியட் மாதிரி, ஓட்டுநர் காலடியில் வைத்து பிரேக் பெடலில் மாட்டினால், அதைத் தானே அழுத்தும் பெட்டி. மற்றொன்று ஸ்டே-இன்-ப்ளே டூயோ, காருக்குள் நிரந்தரமாகப் பொருத்துவது. நாங்கள் பொருத்தியது டூயோவை. இணைப்பு அறுந்தால் காரைத் தானே நிறுத்தும் வசதி இரண்டிலும் உண்டு.

முடிவைத் தீர்மானித்தது, ஒவ்வொரு முறை காரை மாட்டும்போதும் செய்ய வேண்டிய வேலை. ராங்ளரில், எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். அதை முடித்து எஞ்சினை அணைத்தாலும் கால் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரில் வேக்குவம் (வெற்றிடம்) மிச்சமிருக்கும். பெடல் கல் மாதிரி இறுகும்வரை மிதித்து அதைக் காலிசெய்த பிறகே பெட்டியை வைக்கலாம். வைத்தபின் யாராவது எஞ்சினை இயக்கிவிட்டால் வேக்குவம் திரும்பிவிடும். பெட்டி வழக்கமான விசையில் அழுத்தினாலும் பிரேக் தேவைக்கு மேல் பிடிக்கும். பிறகு சீட்டை நகர்த்தி முட்டுக்கொடுத்து, மின்சாரம் சொருகி, அறுந்தால் நிறுத்தும் கம்பியை மாட்ட வேண்டும். ஊர் சுற்றக் காரை எடுக்கும்போது பெட்டிக்கு இடமும் தேட வேண்டும். மழையில், இருட்டில், களைப்பில் இதில் ஒரு படி விட்டுப்போக வாய்ப்பு அதிகம். டூயோவில் மின்கம்பி, அறுந்தால் நிறுத்தும் கம்பி இரண்டையும் மாட்டினால் பிரேக் வேலை முடிந்தது. அதுவே வேக்குவம் உண்டாக்கிக்கொள்வதால் பூஸ்டரும் உதவுகிறது, பெடலை முரட்டுத்தனமாக அழுத்த வேண்டியதில்லை.

மலைச் சரிவிலும் டூயோ எனக்குப் பிடித்தது. மோட்டார்ஹோமின் பிரேக் விளக்கு எரிந்து, வேகமும் குறைந்தால்தான் அது அழுத்தும். கொலராடோவில் ஐசனோவர் சுரங்கத்திலிருந்து சில்வர்தோர்ன் நோக்கி 7 சதவீதச் சரிவில் கியரைக் குறைத்து இறங்கும்போது, காரின் பிரேக் வீணாகச் சூடேறுவதில்லை. ஆனால் அழுத்தம் நாம் வைத்த அளவுதான். மோட்டார்ஹோம் நிற்கும் வேகத்துக்கேற்பக் கூட்டிக் குறைப்பதில் பேட்ரியட்டே மேல்.

காரை அடிக்கடி மாற்றுகிறவர்கள் பெட்டியை வாங்குவதே சரி. அடுத்த காரிலும் வைக்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். டூயோவைக் கழற்றி வேறு காரில் போட மறுபடி முழுக் கூலி ஆகும். நாங்கள் ஜீப்பை நீண்டகாலம் வைத்திருப்போம் என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள், காரின் பிரேக் அமைப்புக்கு டூயோ பொருந்துமா என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

காற்று பிரேக் உள்ள டீசல் மோட்டார்ஹோம் என்றால் ஏர் ஃபோர்ஸ் ஒன் என்ற பிரேக் அமைப்பையும் பாருங்கள். அந்த வண்டியின் காற்றழுத்தத்தையே எடுத்து, அதற்கு ஈடாகக் காரை நிறுத்தும். நான் ஓட்டிப் பார்த்ததில்லை, எங்களுடையது பெட்ரோல் வண்டி.

எதை வாங்கினாலும் காரின் பேட்டரிக்கு மோட்டார்ஹோமிலிருந்து சார்ஜ் லைன் இழுத்துவிடுங்கள். புறப்படும் முன் ஒருவரைக் காரருகே நிற்கவைத்து, பெடல் இறங்குவதோடு முழுதாகத் திரும்பி மேலே வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மேலே வராத பெடல்தான் நெடுஞ்சாலையில் பிரேக் பேடைக் கருக்குகிறது.