புல்லுக்கு மருந்தா மெஷினா? ரெண்டையும் செஞ்சு பாத்துட்டேன்

பினாங்கு பாலிக் பூலாவ் மலைச்சரிவுல நமக்கு முக்கால் ஏக்கர் டுரியான். முதல் ரெண்டு வருஷம் களைக்கொல்லி மருந்துதான் அடிச்சேன், இப்ப ஒன்றரை வருஷமா தோள்ல மாட்டி புல்லு வெட்டுற மெஷின். நான் மெஷின் பக்கம்தான், அத முதல்லயே சொல்லிடறேன்.

செலவு, நேரம் பாத்தா மருந்துதான் லேசு, அதுல பேச்சே இல்ல. லாலான் புல்லுக்கும் அதுதான் சரி. மண்ணுக்குள்ள ஊசி மாதிரி கூரா ஓடுற அதோட கிழங்கு துண்டு துண்டா போனாலும் முளைக்கும், எங்க பாட்டி எஸ்டேட்ல சங்கோல் (மண்வெட்டி) புடிச்சு கொத்தி கொத்தி கை காப்புக் காய்ச்சது அதனாலதான். மருந்துலயும் பாராகுவாட் பச்சைய மட்டும் கருக்கும், இங்க 2020ல இருந்து தடை. 1974ல ரப்பர் தோட்டத்துக்குன்னு மலேசியாவுக்கு வந்த கிளைபோசேட் மருந்து, கிழங்கு வரைக்கும் இறங்கும். ஆனா அதையே திரும்பத் திரும்ப அடிச்சா புல்லும் பழகிடுது, 1997லயே பேராக்ல அதுக்குச் சாகாத சம்பாவ் புல்ல கண்டுபுடிச்சுட்டாங்க.

நான் மாறினதுக்கு காரணம் வேற, மண்ணு. அடிச்சு ரெண்டு வாரத்துல தரை மொட்டையா செவப்பா கெடந்துச்சு, பாக்க சுத்தமா இருக்குன்னு நானே சந்தோஷப்பட்டேன், அப்புறம் ஒரு ராத்திரி பெஞ்ச மழையில மேல்மண்ணு கீழ வாய்க்கால்ல போய் நின்னுச்சு, காலையில போய் பாத்தா டுரியானோட நூல் வேரெல்லாம் வெளிய தெரியுது, தொட்டா ஒடியுது. வயித்த கலக்கிடுச்சு. அந்தக் காலத்து ரப்பர் எஸ்டேட்லயும் ஒரு புல்லு இல்லாம சுரண்டி மண்ண பறிகொடுத்துட்டுதான் தரைய மூடிப் படர்ற மூடுபயிர் கொடி போட ஆரம்பிச்சாங்க.

மெஷின்ல வெட்டினா வேரு மண்ண புடிச்சுக்கும், வெட்டின புல்லும் அங்கயே மூடாக்கா கெடக்கும். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவ வெட்டணும், முதுகு வலி நிச்சயம். மரத்த ஒட்டி மட்டும் கையால புடுங்குங்க, மெஷினோட நைலான் கயிறு இளம் மரத்து பட்டைய உரிச்சுடும்.

மூடுபயிர் ஒரு மூலையில மட்டும்தான் போட்டிருக்கேன், எட்டு மாசந்தான் ஆச்சு, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். கொடி மரத்துல ஏறுது, வாரா வாரம் இறக்கி விடணும். ஆனா நிழல்ல லாலான் மெலிஞ்சுடுச்சு, போன வார மழைக்கும் அங்க ஒரு வேரு வெளிய தெரியல. அடுத்த மாசம் மேல் சரிவுலயும் விதை போடறேன்.