கடைசி பெரிய பிரான்கோவா, இரண்டு கதவு டாஹோவா?

1990-களின் அமெரிக்காவில் இரண்டு கதவு பெரிய எஸ்யூவிகளின் கடைசிப் பெயர்களில் இவை இரண்டு: 1992–96 ஃபோர்டு பிரான்கோ, 1995–99 செவர்லே டாஹோ.

பிரான்கோவின் உயிரே அந்தப் பின்பக்கக் கூரைதான். கழற்றினால் பாதி வண்டி வானம் பார்க்கும். ஆனால் 1992-இல் பின்சீட் பெல்ட்டையும் மூன்றாவது பிரேக் விளக்கையும் கூரையோடு இணைத்து, டார்க்ஸ் போல்ட் (நட்சத்திர வடிவத் தலை, அதற்கென்றே தனிச் சாவி வேண்டும்) போட்டு இறுக்கிவிட்டார்கள். கழற்றலாம், கழற்றாதீர்கள் என்பதுதான் ஃபோர்டின் எண்ணம். 1994-இல் கொலை வழக்கில் தேடப்பட்ட முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனைப் போலீஸ் துரத்தியபோது நாடே டிவியில் பார்த்ததும் இதே வண்டியைத்தான், வெள்ளை நிறத்தில்.

டாஹோவுக்குக் கழற்ற எதுவுமில்லை, முழு எஃகுக் கூரை. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி 111.5 அங்குலம், பிரான்கோவுக்கு 104.7. நெடுஞ்சாலையில் அந்த நீளம் கைகொடுக்கும். 1996 முதல் வந்த 5.7 லிட்டர் வோர்டெக் வி8 எஞ்சின் தருவது 255 குதிரைத்திறன், பிரான்கோவின் 5.8 லிட்டர் அதன் அருகில்கூட வராது. டீசலும் உண்டு.

தினம் ஓட்ட டாஹோ. எனக்கென்றால் பிரான்கோ, டார்க்ஸ் சாவியோடு.