பைத்தானின் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்: டர்பன் கடைக் கணக்கில் வைத்துப் பார்த்த மதிப்புரை

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மசாலாக் கடை விலைப் பட்டியலுக்கும் கோயில் சந்தாக் கணக்குக்கும் சின்னச் சின்ன பைத்தான் நிரல் எழுதுகிறவர்களுக்காக இந்த மதிப்புரை. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் என்பது ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலை ஒரே வரியில் செய்யும் எழுத்துமுறை. அதற்கு விலையும் இல்லை, தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை. ஹாஸ்கெல் போன்ற மொழிகளின் சாயலில் 2000இல் பைத்தான் 2.0உடன் வந்தது. இங்கே பார்ப்பது 3.12க்குப் பிந்தைய பதிப்புகளில் அது நடந்துகொள்ளும் விதத்தை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியல் செய்ய இதைவிட நல்ல கருவி பைத்தானில் கிடையாது. வழியில் ஏதாவது தடுக்கிவிழ வாய்ப்பிருந்தால், ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிச் சுற்றி ஓடும் ஃபார் லூப்தான்.

தமிழில் யோசிக்கிறவருக்கு முதலில் இடறுவது வரிசை. 'ஒவ்வொரு விலையையும் எடு, காலியாக இல்லாவிட்டால் எண்ணாக மாற்றிச் சேர்' என்று வினையைக் கடைசியில் வைத்துத்தான் நாம் சொல்வோம். லூப்பும் அப்படியே எழுதப்படுகிறது: ஃபார், இஃப், பிறகு பட்டியலின் கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட். காம்ப்ரிஹென்ஷனிலோ சதுர அடைப்புக்குள் மாற்றும் வேலை முதலில் நிற்கும், பின்னால் ஃபார், கடைசியில் இஃப். அதனால் படிக்கும்போது ஃபாரிலிருந்து தொடங்கி, இஃப்பைப் பார்த்துவிட்டு, தலைப்பகுதிக்குத் திரும்புங்கள். பத்து வரி இப்படிப் படித்தால் பழகிவிடும். இன்னொரு குழப்பம் இஃப்பின் இடம். வடிகட்டும் இஃப் கடைசியில் வரும், அதற்கு எல்ஸ் கிடையாது. இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இஃப் தலைப்பகுதியில் வரும், அதற்கு எல்ஸ் கட்டாயம். எல்ஸைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தால் நிரல் ஓடவே ஓடாது.

இது உண்மையிலேயே காப்பாற்றும் இடம், பட்டியலிலிருந்து வேண்டாதவற்றை நீக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் லூப்புக்குள்ளேயே ரிமூவ் போட்டால் பின்னால் உள்ளவை ஒரு இடம் முன்னே நகரும், லூப்போ அடுத்த இடத்துக்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு காலி வரிகள் இருந்தால் ஒன்று தப்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் உதைக்கும். வேண்டியதை மட்டும் எடுத்துப் புதுப் பட்டியல் செய்யும் காம்ப்ரிஹென்ஷனில் இந்த வம்பே இல்லை.

அன்னதான முறைப்பட்டியல் போன்ற கட்டங்களுக்கும் இதுவே சரி. 4 வாரம், வாரத்துக்கு 3 வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 காலி இடம் கொண்ட பட்டியலை இன்னொரு பட்டியலுக்குள் வைத்து அதை 4ஆல் பெருக்கினால் கிடைப்பது ஒரே பட்டியலின் 4 பெயர்கள். முதல் வாரத்தில் ஒருவர் பெயரை எழுதினால் நான்கு வாரத்திலும் அதே பெயர் தெரியும். காம்ப்ரிஹென்ஷன் ஒவ்வொரு வாரத்துக்கும் தனிப் பட்டியல் செய்கிறது.

வேகத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அப்பெண்ட் என்ற மெத்தடை ஒவ்வொரு சுற்றிலும் கூப்பிடும் செலவு இதில் மிச்சம், அவ்வளவுதான். 3.12க்கு முன்பு காம்ப்ரிஹென்ஷனுக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபங்ஷன் உருவாகி ஓடியது, 3.12 அதையும் எடுத்துவிட்டது. சுற்றுக்குள் கோப்பு படிப்பதோ இணையத்தில் கேட்பதோ இருந்தால் இந்த மிச்சம் கண்ணில் படாது. சந்தேகமிருந்தால், ஓடும் நேரத்தை அளக்கும் டைம்இட் வைத்து உங்கள் சொந்தத் தரவில் அளந்து பாருங்கள்.

இனி குறைகள். தென் ஆப்பிரிக்க வட்டார அமைப்பில் உள்ள விண்டோஸ், ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரேண்டை '1 250,00' என்று எழுதும். தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி. எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட்டிடம் இதைக் கொடுத்தால் வேல்யூ எரர் என்ற பிழைதான் வரும். மாற்றும் வேலை காம்ப்ரிஹென்ஷனுக்குள் இருந்தால் ஒரு கெட்ட விலை போதும், அதுவரை செய்த பட்டியல் முழுக்கப் போய்விடும். கெட்ட மதிப்பு செய்தியில் தெரியும், அது எத்தனையாவது வரி என்பது தெரியாது. பிழையைப் பிடித்துச் சமாளிக்கும் ட்ரையை உள்ளே போடவும் வழியில்லை. லூப்பில், எண்ணிக்கொண்டே போகும் எனுமரேட் வைத்து வரி எண்ணோடு ஓடுங்கள். முதலில் இடைவெளியை நீக்கி, பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக்கி, ட்ரைக்குள் மாற்றுங்கள். தவறியவற்றை வரி எண்ணோடு தனிப் பட்டியலில் சேருங்கள். ஒட்டும் இடைவெளி என்ற இன்னொரு எழுத்தும் எண்களுக்கு நடுவே வரக்கூடும். பார்வைக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், ஆனால் சாதாரண இடைவெளியை நீக்கும் கட்டளைக்கு அகப்படாது. அதற்கென்று இன்னொரு ரிப்ளேஸ் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களைத் துப்புரவு செய்யும்போது இன்னும் கவனம் தேவை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை பைத்தான் 5 என்று சொல்லும், நமக்கோ 3 எழுத்து. இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாகக் கணக்கில் வருகின்றன. எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்துதானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா போட்டு ஒரு வரியில் வடிகட்டினால் கொக்கியும் புள்ளியும் உதிர்ந்து 'தமழ' என்று நிற்கும். ஆங்கிலப் பெயர்களில் பிசகில்லாமல் ஓடிய அதே வரி பிள்ளையைப் 'பளள' ஆக்கிவிடும். மக்களின் பெயர் விஷயத்தில் இது பொறுக்கக்கூடிய பிழையே இல்லை. இதற்கு லூப் எழுதுங்கள்: யூனிகோட்டேட்டா என்ற பைத்தான் தொகுப்பு தரும் வகைக் குறி எம் (M) என்று தொடங்கினால் அந்தக் குறியீட்டை முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் புது எழுத்தாகச் சேருங்கள். முந்தையது என்ன என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய வேலை காம்ப்ரிஹென்ஷனுக்கு ஒத்துவராது. க்ஷவும் ஸ்ரீயும் இந்த முறையில் இரண்டிரண்டு எழுத்தாகப் பிரியும். அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

கூட்டுத்தொகை மட்டும் போதுமென்றால் பட்டியலே வேண்டாம். கூட்டித் தரும் சம்முக்குள் சதுர அடைப்பை எடுத்துவிட்டால் அது ஜெனரேட்டர் ஆகிவிடும், மதிப்புகள் ஒவ்வொன்றாக வந்து போகும், நினைவகம் நிறையாது. ஒன்றாவது பொருந்துகிறதா என்று பார்க்கும் எனியிலும் அப்படித்தான்: சதுர அடைப்பு இருந்தால் முழுப் பட்டியலையும் செய்துவிட்டுத்தான் தேடும், இல்லையென்றால் முதல் பொருத்தத்திலேயே நிற்கும். ஜெனரேட்டரை இரண்டாம் முறை ஓட்டினால் ஒன்றும் வராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். திரையில் அச்சிடுவதற்காகக் காம்ப்ரிஹென்ஷன் எழுதுவது 'மதிப்பு எதுவும் இல்லை' என்று சொல்லும் வெறும் None-களால் ஒரு பட்டியலை நிரப்பிவைப்பதுதான்.

மின்வெட்டு பழகிய ஊரில் மணிக்கணக்காக ஓடும் வேலையைக் காம்ப்ரிஹென்ஷனில் வைக்கவே கூடாது. மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்த பட்டியலும் அதோடு போய்விடும். லூப்பில் ஒவ்வொரு முடிவையும் உடனே கோப்பில் எழுதுங்கள். எழுதினாலும் அது முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். ஆகவே 100 வரிக்கு ஒருமுறை, பஃபரைக் காலிசெய்யும் ஃப்ளஷ்ஷும் அதன்பின் வட்டில் எழுதவைக்கும் எஃப்சிங்க்கும் போடுங்கள், கடைசியாக முடித்த வரி எண்ணையும் கோப்பில் குறித்துவையுங்கள். மின்சாரம் திரும்பியதும் அந்த எண்ணுக்கு அடுத்த வரியிலிருந்தே தொடரலாம்.